சத்திரத்தில் கூடிய பூப்பித்தர்கள்

1562-ஆம் வருஷம் ஆண்ட்வெர்ப் நகரத்து வியாபாரி ஒருவருக்குக் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து துணி மூட்டைகள் வந்தன. நடுவே வெங்காயம் போல் சில கிழங்குகள். மனிதர் சிலவற்றைத் தணலில் சுட்டு, எண்ணெயும் காடியும் விட்டுச் சாப்பிட்டார். மிச்சத்தை முட்டைக்கோஸ் பாத்தியோரம் புதைத்து மறந்துவிட்டார். யோரிஸ் ரை என்ற மெக்லின் நகரத்து வணிகர் கண்ணில் பட்டதால் சில தப்பிப் பிழைத்தன. அவைதாம் டியூலிப்.

இந்தக் கதையை எழுதி வைத்தவர் கரோலஸ் க்ளூசியஸ் என்ற தாவர சாஸ்திரி. அவருடைய உண்மையான தோட்டம் தபாலில் இருந்தது என்றே சொல்லலாம். பிரபுக்கள், மருத்துவர்கள், மருந்துக் கடைக்காரர்கள், சீமாட்டிகள் என்று ஐரோப்பா முழுவதும் அவருக்குக் கடிதச் சிநேகிதர்கள். அவருக்கு வந்த கடிதங்களில் பல இன்னமும் லெய்டன் பல்கலைக் கழகத்தில் இருக்கின்றன. கடிதத்தோடு கிழங்கும் விதையும் பிரயாணம் செய்யும். பதிலுக்குப் பணம் அல்ல, வேறொரு கிழங்கு வரும். நம் வீட்டுப் பெண்கள் கனகாம்பரக் கன்று கொடுத்துச் செம்பருத்திக் கொப்பு வாங்குவதில்லையா, அந்த மாதிரி! சிமே இளவரசி மரி டி பிரிமு போன்ற தோட்டப் பிரியர்கள் வற்புறுத்தியதன் பேரில் 1593-இல் அவர் லெய்டனில் வந்து குடியேறினார். வந்த இடத்தில் அவர் கிழங்குகள் திருட்டுப் போயின. ஒரு தடவை அல்ல, பல தடவை.

திருடத் தோன்றும் பூதான். வெள்ளை இதழில் தீக்கொழுந்து போலச் சிவப்புக் கோடு. இந்த வருஷம் ஒரே நிறமாய்ப் பூத்த கிழங்கு, அடுத்த வருஷம் கோடு போட்டுக் கொண்டு வரும். ஏன் என்று எவருக்கும் புரியவில்லை. அது செடிக்கு வந்த வியாதி, அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ் என்று 1928-இல் டாரதி கேலி என்ற ஆங்கிலப் பெண்மணிதான் வழி காட்டினார். நோயைத்தான் அழகு என்று விலை வைத்தார்கள், பாவம்!

1630-களில் இந்த ரசிகர் கூட்டம் சத்திரங்களுக்கு இடம் மாறியது. ஹார்லெம் நகரத்து மதுக்கடைகளின் பின்கட்டில் மாலை வேளைகளில் கூடினார்கள். அவர்கள் சும்மா கூடுகிறவர்கள் அல்ல, கூட்டத்துக்கு விதிகள் உண்டு. வாங்குகிறவர் விலையில் நாற்பதில் ஒரு பங்கு, அதிகம் போனால் 3 கில்டர், 'மதுப் பணம்' வைக்க வேண்டும். குடிக்கும் புகையிலைக்கும் கணப்புக்கும் அது செலவாகும். ஏழைகளுக்கும் கொஞ்சம் போகும். விற்கும் சரக்கோ பூமிக்குள் உறங்குகிறது. ஆனி மாதத்தில் தோண்டினால்தான் கைக்கு வரும். ஆக, சத்திரத்தில் கைமாறியது பூ அல்ல, ஒருவர் வாக்கு.

1637 பிப்ரவரி முதல் வாரத்தில் ஹார்லெமில் வாங்க ஆள் இல்லாமல் போயிற்று. அந்தச் செய்தி அல்க்மாரை இன்னும் எட்டவில்லை போலும். பிப்ரவரி 5-ஆம் தேதி அங்கே, இறந்துபோன சத்திரக்காரர் வௌட்டர் விங்கல் என்பவரின் அநாதைக் குழந்தைகளுக்காக நடந்த ஏலத்தில் சுமார் 90,000 கில்டர் கூவினார்கள்.

தேசமே திவாலாகிவிட்டது, ஜனங்கள் கால்வாயில் விழுந்து மாண்டார்கள் என்று பிற்காலத்தார் சுவையாக எழுதியிருக்கிறார்கள். 1841-இல் சார்லஸ் மக்கே எழுதிய புத்தகத்துக்கு அதில் பெரும் பங்கு உண்டு. அவருக்கு ஆதாரம் கேலித் துண்டுப் பிரசுரங்கள். வணிகம் கவிழவில்லை. பழவேற்காட்டில் கோட்டை வைத்து நம் கரையில் துணி வாங்கிய டச்சுக் கம்பெனியும் கவிழவில்லை. கவிழ்ந்தது வேறு. நேற்று ஒரே மேஜையில் குடித்தவர்கள் இன்று தெருவில் முகத்தைத் திருப்பிக் கொண்டார்கள். "சொன்னேன்", "சொல்லவில்லை" என்று நோட்டரி முன் சாட்சி வைத்தார்கள்.

பிப்ரவரி 23-ஆம் தேதி பல ஊர்ப் பூக்காரர்களின் பிரதிநிதிகள் ஆம்ஸ்டர்டாமில் கூடினார்கள். 1636 நவம்பர் கடைசி வரை செய்த பேரம் செல்லும், அதற்குப் பிந்தியதில் பத்தில் ஒரு பங்கு கொடுத்து விலகலாம் என்று தீர்மானித்தார்கள். ஆம்ஸ்டர்டாம்காரர்கள் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. கடைசியில் 1638 மே மாதம் ஹார்லெம் நகரசபை, நூற்றுக்கு மூன்றரை கொடுத்தால் பேரம் ரத்து என்று விதித்தது. 1,000 கில்டருக்குக் கொடுத்த வாக்குக்கு 35 கில்டர்.