இரத்த குன்மமும் புறக்கருவும்

சரக சங்கிதை, மகளிர்க்கே உரிய நோயாக ‘இரத்த குன்மம்’ என ஒன்றனைக் கூறுகின்றது. பூப்பு நிற்கும், வயிற்றிற் கட்டி திரளும், கருவுற்றார்க்குரிய குறிகள் தோன்றும். கருப்பைக்குப் புறத்தே கரு தங்குதலாக இன்றைய மருத்துவர் கூறும் நோயே இஃது என்பாரும் உளர். அந்நோயை ஈண்டுப் புறக்கரு என வழங்குவோம். இவ்விரண்டும் ஒன்றெனல் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராய்தற்குரியது. கொல்லிமலை மூலிகைக்குப் பெயர்பெற்ற நாமக்கல் வட்டாரத்தில் நாட்டு மருத்துவத்தை நாடுவார் இன்றும் உளராதலின், பிழை நேரின் அஃது ஏட்டளவில் நில்லாது.

முதற்கண் சொல்லை நோக்குவோம். சரகர் கூறும் குன்மம் ஐவகைத்து. தமிழ்ச் சித்த நூல்கள் எண்வகையாகக் கூறுவதோ பெரும்பான்மையும் செரிமானக் கோளாறு பற்றியது. ஆகவே, பெயர் கொண்டு நோயைத் துணிதல் இயலாது. ‘சினை’ என்னும் சொல்லையும் காண்க: இலக்கணத்தில் அஃது உறுப்பு, நாமக்கல் உழவர் வழக்கில் மாட்டின் சூல், சினைக்குழல் என்னும் இக்காலக் கலைச்சொல்லில் முட்டை.

இனிக் குறிகள். இரத்த குன்மம் கை கால்களாக அசையாது, திரண்டவாறே துடிக்கும், வலியுடையது, பத்தாம் திங்கள் கழிந்த பின்னரே மருத்துவம் செய்தல் வேண்டும் என்பது சரகரின் விதி. உண்மைக் கருவைக் கட்டியென மயங்கி அழித்துவிடாமைக்கு இவ்விதி நல்ல காப்பாகும். புறக்கருவுற்றாளுக்கோ இதுவே கூற்றாய் முடியும். புறக்கருவுள் நூற்றுக்கு 90க்கு மேற்பட்டவை சினைக்குழலில் தங்குவன. குழல் வெடிப்பின், அது பெரும்பாலும் முதல் மூன்று திங்களுக்குள் நிகழும். உள்ளே குருதி பெருகிச் சில மணி நேரத்தில் உயிரும் போகலாம். பத்துத் திங்கள் காத்திருந்து மருத்துவம் பெற்றவள் இந்நோயினள் ஆதல் அரிது. வயிற்றறையில் நெடுநாள் தங்கிய கரு அருகி உண்டு. கொப்பூழருகே உடைந்த சீழ்க்கட்டியினின்று கருவின் எலும்புகள் வெளிப்பட்டதனை 1013இல் மறைந்த அரபு மருத்துவர் அல்சகராவி எழுதியுள்ளார். அத்தகையன சில குன்மத்துள் அடங்கியிருத்தல் கூடும், அவ்வளவே.

வெடித்த குழலை அறுத்து நீக்கி உயிர்காத்தலை 1883இல் பர்மிங்காமில் லாசன் டெயிட் செய்து காட்டினார். யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய சாமுவேல் கிறீன் மகப்பேற்று நூலொன்றைத் தமிழில் வெளியிட்ட 1857இல், மேனாட்டாரிடத்தும் இம்முறை நிலைபெறவில்லை. ஆதலின் பண்டையோர் அறியாமை குறையன்று. அறிந்திருந்தார் என நாம் ஏற்றிச் சொல்லுதலே குறை.

நோய் நீங்கியபின் உடல் தேற்றுதற்கண் பழைய நூலுக்கு இடமுண்டு. கருச்சிதைந்த மகளிர்க்குச் சரகர் முதலில் மதுவகையும், பின்னர் நெய்யில்லாக் கஞ்சியும் விதிக்கின்றார். மதுவின் பயனாக அவர் எண்ணுவன மூன்று: கருப்பைத் தூய்மை, நோவு மறத்தல், மனமகிழ்ச்சி. துயரையும் மருத்துவனுக்குரியதாகக் கொண்ட இந்நுட்பம் போற்றத்தக்கது. ஆயின் மதுவை அவ்வாறே கொள்ளல் ஆகாது. 1982 முதல் இந்நோய்க்கு வழங்கிவரும் மெத்தோட்ரெக்சேட் மருந்தோடு மது சேரின் கல்லீரல் கேடுறும். போலிக் அமிலம் அம்மருந்தின் ஆற்றலைக் குறைக்குமாதலின், அது கலந்த சத்து மருந்துகளும் மருத்துவம் முடியும்வரை விலக்கப்படுகின்றன. லேகியமோ சூரணமோ கொள்வார் ஊசியிட்ட மருத்துவர்க்கு அதனை முன்னரே அறிவித்தல் வேண்டும். ஒருமுறை புறக்கருவுற்றாருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர்க்கு அது மீளவும் வருதலின், அடுத்த கருவின் ஆறாம் ஏழாம் வாரத்திலேயே ஸ்கேன் எடுத்துக் கருவின் இடத்தை அறிகின்றனர்.