ஒருசாலை மாணாக்கர்

உடன் கற்றவரைக் குறிக்கத் தமிழில் ஓர் அழகிய தொடர் உண்டு. ‘ஒருசாலை மாணாக்கர்’ என்பது அது. தொல்காப்பியத்திற்குப் பாயிரம் செய்த பனம்பாரனாரைத் தொல்காப்பியரின் ஒருசாலை மாணாக்கர் என்று நம் முன்னோர் வழிவழியாகக் கூறி வந்தனர். ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் செய்யத் தக்கவர் யார் என்று வகுத்த நன்னூலாரும், ஆசிரியனோடு ஒப்ப உடன் கற்றவனையும் அவ்வரிசையில் வைத்தார். ஒருவனது கல்விக்குச் சான்று கூற அவனோடு இருந்து உண்டு, உறங்கி, பாடம் ஒப்புவித்தவனுக்கும் உரிமை உண்டு என்பது இதனால் விளங்கும். அந்த உறவு எவ்வாறு வளர்ந்தது, அதற்கு எத்தகைய மரபுகள் இருந்தன என்பதைப் பற்றியே இங்குப் பேச விரும்புகிறேன்.

மேலை நாட்டார் இவ்வுறவுக்கு ஓர் அமைப்பே கண்டனர். அமெரிக்காவில் வர்ச்சீனியா நாட்டு ‘வில்லியம் அண்டு மேரி’ கல்லூரியில் 1776ஆம் ஆண்டு மாணவர் சிலர் கூடி, ‘ஃபை பீட்டா காப்பா’ என்னும் கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்டு ஒரு கழகம் அமைத்தனர். அதனைப் பின்பற்றிப் பிற்காலத்தில் எத்தனையோ மாணவர் சகோதரக் கழகங்கள் தோன்றின. ஒவ்வொரு கல்லூரியிலும் கழகத்திற்கு ஒரு கிளை. பல கிளைகளுக்குத் தனி இல்லம். புதிதாகச் சேர்வோருக்கு உறுதிமொழி, மறைச் சடங்கு, அடையாளச் சின்னம் எனப் பல மரபுகள். கல்லூரியை விட்டு நீங்கிய பின்னும் அவ்வுறவு வாழ்நாள் முழுதும் தொடரும் என்பது அவர்கள் கொள்கை.

இத்தகைய வாழ்வு நம் நாட்டிற்குப் புதியதா? இவ்வினாவிற்கு விடை தேட நான் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. நான் வாழும் பிள்ளையார்குப்பம் பாகூர்க் கொம்யூனைச் சேர்ந்தது. புதுவையிலிருந்து கடலூர் செல்லும் பெருவழியில் உள்ள இவ்வூரில் 2001ஆம் ஆண்டு மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி தோன்றியது. அது முதல் பல மாநிலத்துப் பிள்ளைகள் இங்கு வந்து விடுதிகளில் தங்கிக் கற்கின்றனர். மாலை வேளையில் தேநீர்க் கடைகளின் முன் ஐந்தாறு மொழிகள் ஒலிக்கின்றன. ‘நம் வயற்காட்டில் கல்லூரியா!’ என்று ஊர்ப் பெரியவர்கள் வியந்தனர். ஆனால் இக்கொம்யூனுக்குக் கல்லூரி புதிதன்று; ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இங்கு ஒன்று இருந்தது.

பாகூரிலே கிடைத்த செப்பேடுகள் இதற்குச் சான்று. நிருபதுங்கவர்மன் என்னும் பல்லவ மன்னனின் எட்டாம் ஆட்சியாண்டில், அதாவது ஏறக்குறைய கி.பி. 877இல், அவன் கீழ் ஆண்ட நிலைதாங்கி என்னும் தலைவனின் வேண்டுகோளின்படி, சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்னும் மூன்று ஊர்கள் வாகூர் வித்தியாத்தானத்திற்கு வழங்கப்பட்டன. வாகூர் என்பதே இன்றைய பாகூர். வித்தியாத்தானம் என்பது கல்விக்கு இருப்பிடம், அதாவது கல்லூரி. இக்கொடைக்கு ஏடு இட்ட பெயர் ‘வித்தியாபோகம்’ என்பது. கற்பாரையும் கற்பிப்பாரையும் காக்கும் பொருட்டு வரி நீக்கி விடப்பட்ட நிலம் என்பது அதன் பொருள். மூன்று ஊர் உழவர் விளைத்த நெல், அரசன் களஞ்சியம் செல்லாமல், மாணாக்கரின் அடுக்களையைச் சென்று சேர்ந்தது.

அவ்வடுக்களை எவ்வாறு நடந்தது என்பதைப் பாகூர்ச் செப்பேடு விரித்துரைக்கவில்லை. அக்குறையைச் சோழர் காலக் கல்வெட்டுகள் நிறைவு செய்கின்றன. விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரம் என்னும் ஊரில் முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டொன்று உள்ளது. அங்கிருந்த கல்லூரியில் இளநிலை மாணாக்கர் 270 பேர். முதுநிலை மாணாக்கர் 70 பேர். ஆசிரியர் 14 பேர். இளநிலை மாணாக்கன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல். முதுநிலையானுக்கு ஒரு குறுணி இரு நாழி. எட்டு நாழி கொண்டது ஒரு குறுணி, பன்னிரு குறுணி கொண்டது ஒரு கலம் என்னும் பழைய வாய்பாட்டை நினைவு கூர்ந்து பெருக்கிப் பார்த்தால், மாணாக்கர்க்கு மட்டும் நாள்தோறும் இருபத்து நான்கு கலத்திற்கு மேல் நெல் அளக்கப்பட்டது தெரியவரும். இதற்கென விடப்பட்ட நிலம் 45 வேலி.

புதுவைப் பகுதியிலேயே, மண்ணாடிப்பட்டுக் கொம்யூனில் உள்ள திருபுவனையில், முதலாம் இராசாதிராசன் காலத்தில், 1048ஆம் ஆண்டு 260 மாணாக்கரும் 12 ஆசிரியரும் கொண்ட மற்றொரு கல்லூரி இருந்தது. கற்பவரும் கற்பிப்பவரும் ஊர் வாரியப் பணிகளில் அமரக் கடமைப்பட்டவரல்லர் என்று அவ்வூர்ச் சபையார் விலக்கு அளித்தனர். கல்வி தடைப்படலாகாது என்பதில் அவர்களுக்கு இருந்த கருத்து இதனால் புலனாகும்.

விடுதி வாழ்வின் சிறு செய்திகளைக் கூடக் கல்லில் காணலாம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒரு பள்ளியையும், மாணவர் விடுதியையும், மருத்துவமனையையும் ஒருங்கே கூறுகிறது. மருத்துவமனையில் படுக்கைகள் பதினைந்து. விடுதியில் உண்போருக்குச் சோறு மட்டுமன்றிப் படுக்கப் பாயும், இரவில் எரிக்க விளக்கெண்ணெயும், சனிக்கிழமைதோறும் தலைக்கு எண்ணெயும் தரப்பட்டன. தாய் வீட்டை விட்டு வந்த பிள்ளைக்குச் சனி நீராட்டு தவறலாகாது என்று எண்ணிய அந்நெஞ்சங்களை நாம் போற்ற வேண்டும். விடுதியின் முதற் கடமை பிள்ளையைக் காப்பது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இனி, மாணாக்கர் தமக்குள் எவ்வாறு ஒழுகினர் என்னும் செய்திக்கு வருவோம். கன்னியாகுமரி மாவட்டத்துப் பார்த்திவபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866ஆம் ஆண்டு ஒரு சாலையை நிறுவினான். காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டு அமைந்த அச்சாலையில் 95 சாத்தர்களுக்கு இடம் இருந்தது. சாத்தர் என்போர் அங்குத் தங்கிக் கற்ற மாணாக்கர். அவர்களுக்கு வகுத்த ஒழுங்குகளையும் அரசன் செப்பேட்டில் எழுதுவித்தான். ஒருவரையொருவர் இழித்துப் பேசினால் தண்டம். படைக்கலம் கொண்டு தாக்கினால் தண்டம். கூட்டத்திற்குப் படைக்கலத்தோடு வரலாகாது. தங்குமிடத்தில் பணிப்பெண்களை வைத்திருத்தல் ஆகாது என்றெல்லாம் அவ்வேடு விதிக்கிறது.

இவ்விதிகளைப் படிக்குந்தோறும் எனக்கு ஓர் எண்ணம் எழும். இளைஞர் கூடி வாழுமிடத்தில் வசையும் பூசலும் எழும் என்பதை அக்காலத்தார் நன்கறிந்திருந்தனர். ஆயினும், அதுவே மாணவர் வழக்கம் என்று கூறி அதனை விட்டு வைக்கவில்லை. இழிசொல்லையும் குற்றமாகக் கருதி, நிலக்கொடையைப் பொறித்த அதே செப்பேட்டில் அதற்கும் விதி வகுத்தனர்.

அவ்வாறாயின் அப்பழைய சாலைகள் குறையற்றவையோ எனின், அல்ல. பார்த்திவபுரத்து 95 இடங்களும் மூன்று வேதக் கிளையாருக்கு 45, 36, 14 எனப் பங்கிடப்பட்டிருந்தன. மற்றையோருக்கு அங்கு இடமில்லை. பெண்களுக்கும் இல்லை. பாகூர் வித்தியாத்தானத்திற்கு நெல் விளைத்த மூன்று ஊர்களில் சேற்றில் இறங்கி நாற்று நட்டோரின் பிள்ளைகளுக்காக ஏற்பட்டதன்று அப்பந்தி. அமெரிக்க மாணவர் கழகங்கள் பலவும் நிறமும் சமயமும் பார்த்து நெடுங்காலம் கதவை அடைத்தே வைத்திருந்தன. உள்ளிருப்போரைச் சகோதரர் என்று அழைக்கும் ஒவ்வொரு கழகமும், வெளியே நிற்போரை யாரென்று கருதுகிறது என்னும் வினாவிற்கு விடை கூறியாக வேண்டும்.

அவ்வினா தமிழ்நாட்டில் உண்ணும் பந்தியிலேயே எழுந்தது. 1910 முதல் பத்தாண்டுகள் நம் புதுவையில் அடைக்கலம் புகுந்து வாழ்ந்த வ.வே.சு. ஐயர், 1922இல் சேரன்மாதேவியில் தமிழ்க் குருகுலம் ஒன்றைத் தொடங்கினார். நாட்டுப் பற்றுடைய இளைஞரை ஒரே குடும்பமாக வளர்ப்பது அவர் நோக்கம். ஆயினும் பிராமணச் சிறுவர் இருவருக்கு, அவர் தம் பெற்றோர் விருப்பப்படி, தனியே உணவு படைக்கப்பட்டது. செய்தி வெளிப்பட்டதும் டாக்டர் வரதராசுலு நாயுடுவும் பெரியார் ஈ.வெ. இராமசாமியும் அதனை வன்மையாக எதிர்த்தனர். 1924, 1925ஆம் ஆண்டுகளில் அப்பூசல் நாட்டையே கலக்கியது; தமிழ்நாட்டு அரசியலின் போக்கையும் மாற்றியது. இருவர் இலையைத் தனியே போட்டதற்கு இத்துணைப் பெரும் போராட்டமா என்று அன்று சிலர் கேட்டனர். உடன் கற்பவனோடு உடன் உண்ண மறுப்பவன் எவ்வாறு ஒருசாலை மாணாக்கன் ஆவான்? அவ்விலையில்தான் சகோதரத்துவம் முழுவதும் அடங்கியிருந்தது. அதற்கு முன்னரே, 1916இல், சிதம்பரத்தில் சுவாமி சகசானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவி, ஊர்ப் பந்தியில் இடம் பெறாத பிள்ளைகளுக்குக் கல்வியின் கதவைத் திறந்தார் என்பதையும் இங்கு நினைத்தல் வேண்டும்.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் எங்கள் விடுதியில் ‘டிவைடிங் சிஸ்டம்’ என்னும் பங்கீட்டு முறை இருந்தது. திங்கள்தோறும் மாணவர் இருவரை உணவுச் செயலராகத் தேர்ந்தெடுப்போம். விடியற்காலையில் சந்தைக்குச் சென்று காய்கறி வாங்குவதும், அரிசி அளந்து சமையற்காரரிடம் கொடுப்பதும், கணக்கு எழுதுவதும் அவர்கள் கடமை. மாத இறுதியில் மொத்தச் செலவை உண்டவர் நாட்களால் வகுத்து, ஆளுக்கு இவ்வளவு என்று பலகையில் எழுதுவர். ஒருவன் வீண் செலவு செய்தால் அனைவர் தந்தையரும் அதனைச் சுமக்க வேண்டும். எந்தப் பாடநூலும் கற்பிக்காத பொறுப்பை அப்பலகை எங்களுக்குக் கற்பித்தது. மீனவர் மகனும் நெசவாளர் மகனும் உழவர் மகனும் ஒரே வரிசையில் தட்டு ஏந்தி நின்றோம். இறுதியாக உண்பவர் செயலர் இருவரே. முதலில் தட்டு நீட்டும் உரிமை புதிதாக வந்த ஆண்டினருக்கு. இதுவே எங்கள் கழகத்தின் மறைச் சடங்கு என்று வேண்டுமானால் கூறலாம்.

இதனை ஏன் கூறுகிறேன் எனில், இன்று ‘ராகிங்’ என்னும் கொடுமையைச் சிலர் கல்லூரி மரபு என்று கூறக் கேட்கிறேன். புதியவனை நாணச் செய்தும் துன்புறுத்தியும் பின்னர்த் தோழனாக்குவது வழிவழி வந்த முறை என்பது அவர்கள் வாதம். 1996ஆம் ஆண்டு தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரி ஒன்றின் முதலாண்டு மாணவர், மூத்த மாணவர் ஒருவரால் உயிரிழந்தார். அதன் பின் 1997இல் தமிழ்நாடு தடைச் சட்டம் இயற்றியது. இரண்டு ஆண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை தண்டமும் அதில் உண்டு. 2001இல் உச்ச நீதிமன்றம் இக்கொடுமையைத் தடுக்க நெறிமுறை வகுத்தது. 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுமைக்கும் விதிகள் செய்தது. அமெரிக்காவிலும் கழகங்களின் புகுமுகச் சடங்குகள் பல இளைஞரின் உயிரைக் கொண்டன. அங்கும் மாநிலங்கள் பல சட்டம் செய்ய நேர்ந்தது.

மரபு என்பாருக்கு நான் கூறுவது இதுவே: பார்த்திவபுரத்துச் செப்பேட்டைப் பாருங்கள், திருமுக்கூடல் கல்லைப் பாருங்கள். ஆயிரம் ஆண்டுப் பழைமையுடைய மரபு, இழிசொல்லுக்குத் தண்டம் விதித்ததும், சனிக்கிழமைக்கு எண்ணெய் வழங்கியதுமே. துன்புறுத்தல் நம் முன்னோர் விட்டுச் சென்ற செல்வமன்று. அவர்கள் தண்டம் விதித்துத் தடுக்க முயன்ற குற்றம்.

பாகூர்ப் பந்தியில் இல்லாத ஒன்று இன்றைய விடுதிகளில் உண்டு. ஆணும் பெண்ணும், எக்குலத்தாரும் எம்மதத்தாரும் இன்று கல்லூரியில் இடம் பெறலாம். அதற்குச் சட்டமும் துணை நிற்கிறது. கதவைத் திறப்பது சட்டத்தால் இயலும். உள்ளே வந்தவனுக்கு இலை போடுவது சட்டத்தால் இயலாது. அது முன்னரே அமர்ந்திருக்கும் மாணாக்கரின் கையில் உள்ளது. ஆண்டுதோறும் கல்லூரி தொடங்கும் பருவத்தில், தகரப் பெட்டிக்கு மாறாக உருளைப் பெட்டியை இழுத்துக்கொண்டு பிள்ளைகள் எங்கள் ஊரில் வந்து இறங்குகின்றனர். அவர்களுள் பலர் தாயைப் பிரிந்து உறங்கும் முதல் இரவு அது. மூத்த மாணவ மாணவியர் அன்றிரவு அவர்களை அழைத்துத் தம் அருகே அமர்த்தி உண்ணச் செய்வாராயின், ஒருசாலை மாணாக்கர் என்னும் பழந்தொடர்க்கு அவர்களே உரியவர் ஆவர்.