செயின்ட் கிறிஸ்டோபர் லெ ஸ்டாக்ஸ் ஆலயம்

இலண்டன் மாநகரின் த்ரெட்நீடில் தெருவில் இருந்த ஆங்கிலிக்கன் பங்கு ஆலயம் இது. 1666இன் பெருந்தீயைத் தாண்டி மீண்டும் எழுந்தது. பக்கத்தில் இருந்த இங்கிலாந்து வங்கியின் அச்சத்தால் 1782இல் இடிக்கப்பட்டது. அது நின்ற நிலம் இன்று அந்த வங்கிக்குள் அடங்கிக் கிடக்கிறது.

ஆலயத்தின் பெயரில் ஒட்டியிருக்கும் ‘ஸ்டாக்ஸ்’ என்பது தொழுமரம். ஆலயத்துக்கு அருகே, குற்றவாளிகளின் கால்களைப் பூட்டிவைத்த அந்த மரம் நின்ற இடத்தில் 13ஆம் நூற்றாண்டில் மீனும் இறைச்சியும் விற்கும் சந்தை உருவாகி, ஸ்டாக்ஸ் சந்தை எனப்பட்டது. குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடந்தவர் என்று மரபு போற்றும் கிறிஸ்தோபரின் பெயருடன் தண்டனைக் கருவியின் பெயரும் சேர்ந்தது இப்படித்தான். சந்தை பின்னர் இடம் மாறியது. 1739 முதல் அது முன்பு இருந்த இடத்தில் மேயரின் மாளிகை எழும்பியது.

பெருந்தீயில் 87 பங்கு ஆலயங்கள் எரிந்தன. அவற்றுள் 51 மட்டுமே கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் மேற்பார்வையில் மறுபடி கட்டப்பட்டன. தீயில் விழாமல் நின்ற சுவர்கள் கைகொடுத்ததால், கிறிஸ்தோபர் ஆலயம் 1671 வாக்கிலேயே வழிபாட்டுக்குத் தயாராகிவிட்டது.

இங்கிலாந்து வங்கி 1734இல் அடுத்த மனைக்குக் குடிவந்தது. அன்று அது அளவான கட்டடம். கடன் பத்திரங்களும் கணக்கர்களும் பெருகப் பெருக வங்கி அக்கம்பக்கத்தை வாங்கத் தொடங்கியது. பங்கு மக்கள் குடியிருந்த வீடுகள் குறைந்தன. ஆலயத்தின் உயிர் பங்கு மக்கள்தானே! இடிப்பதற்கு முன்பே அது தேயத் தொடங்கியிருந்தது.

1780 ஜூனில் கலவரம் வெடித்தது. கத்தோலிக்கர் மீதான கட்டுப்பாடுகளைத் தளர்த்திய 1778ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து லார்ட் ஜார்ஜ் கார்டன் திரட்டிய கூட்டம் கட்டுமீறி, நியூகேட் சிறையைக் கொளுத்தியது. ஜூன் 7 அன்று வங்கியையும் தாக்கியது. ஒரு காலத்தில் இலண்டன் எளிய மக்களின் நாயகனாக இருந்த ஜான் வில்க்ஸ், இப்போது வங்கியைக் காப்போரின் பக்கம் நின்றார். துப்பாக்கிச் சூட்டில் கூட்டம் சிதறியது.

வங்கி தப்பியது, பயம் தீரவில்லை. ஒட்டி நின்ற ஆலயக் கோபுரத்தைக் கலகக்காரர்கள் பிடித்துக்கொண்டால் வங்கி முழுவதும் அவர்கள் காலடியில் கிடக்கும் என்ற வாதம் வலுத்தது. நாடாளுமன்றம் 1781இல் அனுமதி தந்தது. மறு ஆண்டே இடிப்பு தொடங்கியது. ரென்னின் மாநகர ஆலயங்களில் முதலில் இடிக்கப்பட்டது இதுவே. அந்த இடத்தில் ராபர்ட் டெய்லர் வங்கியின் மேற்குப் பகுதியைக் கட்டினார். கலவரத்துக்குப் பின் வங்கியின் காவலுக்கு வரத் தொடங்கிய படைவீரர்களோ 1973 வரை இரவுதோறும் வந்தனர்.

பங்கு, லாத்பரியில் உள்ள செயின்ட் மார்கரெட் ஆலயத்துடன் இணைந்தது. இடிக்கப்பட்ட ஆலயத்தில் இருந்த மோசே, ஆரோன் ஓவியங்கள் அங்கே இன்றும் பீடத்தின் இருபுறமும் இருக்கின்றன.

கல்லறைத் தோட்டம் வங்கியின் உள்முற்றத் தோட்டமானது. 1798இல் அங்கே இன்னும் ஒருவர் புதைக்கப்பட்டார்: 6 அடி 7½ அங்குல உயரமுள்ள வங்கி எழுத்தர். பிணத்திருடர்கள் தம் உடலைத் தோண்டி விற்றுவிடுவார்கள் என்று அஞ்சியவர் அவர். பூட்டிய கதவுகளுக்குள் இடம் கிடைத்தது. புதுதில்லியின் தலைமைச் செயலகத்தைக் கட்டிய ஹெர்பர்ட் பேக்கர் 20ஆம் நூற்றாண்டில் வங்கியைத் திருத்திக் கட்டியபோது அந்த மண்ணும் தோண்டப்பட்டது. பங்கு மக்களின் எலும்புகள் தேம்ஸுக்குத் தெற்கே நன்ஹெட் இடுகாட்டுக்குப் போய்ச் சேர்ந்தன.