மொச்சையில் கறந்த பால்

ஹாங்காங் தீவிலே 1940-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு நாள், மிதிவண்டியில் ஏற்றி வீட்டு வாசல்தோறும் கொண்டுபோன சோயாப் பால் பாட்டில்களில் விலைபோனவை ஒன்பதே. பாட்டில் ஒன்றுக்கு ஆறு காசு விலை. வைட்டாசாய் என்ற பெயரோடு பிறந்த அந்தச் சிறு வியாபாரம் பிற்காலத்தில் பல தேசங்களிலும் பரவிற்று. ஆனால், அது எந்த வியாதியின் நிழலில் பிறந்தது என்பதை இன்று ஓட்ஸ் பாலையும் பாதாம் பாலையும் விரும்பி வாங்குகிறவர்கள் ஒருமுறையேனும் நினைத்துப் பார்க்க வேண்டுமென்பது என் ஆசை.

1937-இல் சீனாவின்மேல் ஜப்பான் தொடுத்த யுத்தத்தால் வீடுவாசலை இழந்து, கையில் அகப்பட்டதை மூட்டை கட்டிக்கொண்டு ஹாங்காங்கில் வந்து குவிந்த அகதிகளுக்குக் கிடைத்த ஆகாரம், தவிடு நீங்கத் தீட்டிய வெள்ளை அரிசிச் சோறும் அதனோடு ஏதோ சிறிது காய்கறியுமே. தவிட்டோடு போய்விடுகிற பி-1 என்னும் ஜீவசத்து இல்லாமையால் கால் மரத்து, பாதம் வீங்கி, கடைசியில் இருதயம் தளர்ந்து மனிதர் சாகிற பெரிபெரி நோய் அவர்களிடையே பரவிற்று. மலாயாவில் வளர்ந்து ஹாங்காங் சர்வகலாசாலையில் படித்த கே. எஸ். லோ என்னும் வாலிபர் அந்த அகதிகளின் முகாமொன்றைக் கண்டார். அமெரிக்க வர்த்தக அதிகாரி ஜூலியன் ஆர்னால்ட், சோயா மொச்சையைச் சீனத்தின் பசு என்று வருணித்துச் செய்த சொற்பொழிவை அவர் முன்பே கேட்டிருந்தார். பசும்பால் வாங்க வகையற்ற அந்த ஜனங்களுக்கு மொச்சையை அரைத்துக் காய்ச்சிக் கொடுக்கலாமே என்ற எண்ணம் அங்கேதான் அவருக்கு உதித்தது.

சீனருக்கு அது புதிய பானமன்று. இரவெல்லாம் ஊறிப் பருத்த மொச்சையைத் தண்ணீர் விட்டுத் திருகையில் அரைத்து, துணியில் கட்டிப் பிழிந்து, தேங்காய்ப்பாலைப்போல் வடிகிற அந்த வெண்ணீரைக் காய்ச்சும்போது, முதலில் நுரை பொங்கி எழும். பொங்கியதைக் கண்டு வெந்துவிட்டதென்று இறக்கினால் வயிறு கெடும். பச்சை மொச்சையில் புரதத்தின் ஜீரணத்தைத் தடுக்கும் பொருளொன்று உண்டு. நெடுநேர உஷ்ணத்துக்குத்தான் அது அழியும். இப்படி நீளக் காய்ச்சும் பழக்கம் வந்த பிறகே, அதாவது பதினெட்டாம் நூற்றாண்டளவில்தான், அது காலைப் பானமாக ஊரெங்கும் பரவியிருக்க வேண்டுமென்பது சீன உணவுச் சரித்திரத்தை ஆராய்ந்த ஹெச். டி. ஹுவாங் அவர்களின் அபிப்பிராயம். எனக்கு அது மிகவும் பொருத்தமாகவே படுகிறது; பெயர் தெரியாத எத்தனையோ அடுப்படிகளின் பொறுமையால் விளைந்த ஆகாரம் அது.

ஷாங்காயில் சிசுக்களுக்கென்று சோயாப் பால் தயாரித்த அமெரிக்க வைத்தியர் ஹாரி மில்லரின் ஆலை 1937 யுத்தத்தின் குண்டுவீச்சில் அழிந்தது. லோவின் ஆலையும் 1941 டிசம்பரில் ஜப்பானியர் நுழைந்ததும் மூடப்பட்டு, 1945-இல்தான் மீண்டும் திறந்தது. 1953-இல் குளிர்பெட்டியின்றியே கெடாமல் வைக்கும் முறை வந்தபின், ஏழை எளியவர் தெருவோரக் கடையில், குளிர்காலமானால் வெந்நீரில் சூடேற்றிய பாட்டிலை இரு கைகளாலும் பொத்திப் பிடித்து, குடிக்கும் பானமாயிற்று.

அன்று பசியைக் கருதிச் செய்த பானத்தை இன்று பூமியைக் கருதிக் குடிக்கச் சொல்கிறார்கள். அதற்கு ஆதாரமும் வலுவாகவே இருக்கிறது. ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் என்னும் இருவர் 2018-இல் வெளியிட்ட உலகளாவிய கணக்கின்படி, பசும்பால் ஒரு லிட்டருக்குச் சராசரி 628 லிட்டர் தண்ணீரும் ஏறத்தாழ 9 சதுர மீட்டர் நிலமும் செலவாக, சோயாப் பாலுக்கோ 28 லிட்டர் தண்ணீரும் ஒரு சதுர மீட்டருக்குட்பட்ட நிலமுமே போதும். பூமியைச் சூடாக்கும் வாயுவும் மூன்றில் ஒரு பங்குதான். பிரேசில் நாட்டுக் காடுகள் சோயாவுக்காக அழிவது உண்மையே. ஆனால் உலகில் விளையும் சோயாவில் முக்கால் பங்குக்கு மேல் போவது கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் தீவனமாகத்தான், பாலாக அன்று. பாதாம் பாலின் சங்கதி வேறு: லிட்டருக்கு 371 லிட்டர் தண்ணீர் கேட்கும் அந்தப் பயிர் பெரும்பாலும் விளைவது, அடிக்கடி மழை பொய்த்து நிலத்தடி நீரும் இறங்கிக்கொண்டே போகிற கலிபோர்னியாவில். அங்கே நீரை உறிஞ்சும் தோப்புகளை எண்ணும்போது, பாதாம் பாலைப் பூமிக்கு நன்மை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

போஷணையிலும் இவை எல்லாம் ஒன்றல்ல. சோயாப் பாலின் புரதம் பசும்பாலின் புரதத்துக்கு ஏறக்குறைய ஈடாக நிற்கும். கடையில் விற்கும் பாதாம் பாலிலோ அரிசிப் பாலிலோ அது மிகவும் சொற்பம். சுண்ணாம்புச் சத்தும் பி-12-உம் தனியே சேர்த்தால் உண்டு, சேர்க்காவிட்டால் இல்லை; சேர்த்த சுண்ணாம்பும் குலுக்காமல் ஊற்றினால் அடியிலேயே தங்கிவிடும். பசும்பால் ஒவ்வாத வயிறுகள் கீழ்த்திசையில் ஏராளமாதலால் பெரியவர்களுக்கு இந்தப் பால்கள் வரப்பிரசாதம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒரு வயது நிரம்பாத சிசுவின் காரியமோ அப்படியன்று. தாய்ப்பாலின் இடத்திலே, சிசுவுக்கென்றே அளந்து தயாரித்த உணவின் இடத்திலே, கடைப் பானத்தை ஊற்றிவிடக் கூடாது.

அளந்து தயாரித்ததிலும் அளவு தவறிய காலம் உண்டு. 2003-இல் இஸ்ரேல் நாட்டில், சோயாவால் செய்த சிசு உணவொன்றை மட்டுமே உண்டு வந்த குழந்தைகள் சோர்ந்து, கண்பார்வை நிலைகுத்தி, நினைவிழந்து வைத்தியசாலைக்கு வரத்தொடங்கினார்கள். சிலர் மாண்டார்கள், பிழைத்தவர்களிற் சிலருக்குக் குறை ஆயுளெல்லாம் நீடித்தது. வைத்தியர்கள் அந்த மாவைச் சோதித்தபோது, டப்பாவின் மேல் அச்சிட்டிருந்த அளவில் ஒரு சத்து மாத்திரம் உள்ளே இல்லை. அது பி-1, ஹாங்காங் முகாமில் கால் வீங்கிக் கிடந்த அகதிகளுக்கு எது கிடைக்கவில்லையோ, அதே பி-1.