எண்பது ஆண்டு காத்திருந்த பதிவேடு

இங்கிலாந்தில் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்த நெடுங்காலமாக ஒரு கடிதம் போதும். ‘என் மகளுக்கு இனி வீட்டிலேயே பாடம் சொல்லித்தரப் போகிறோம், பெயரை எடுத்துவிடுங்கள்’ என்று எழுதிக் கொடுத்தால் முடிந்தது. காரணம் சொல்ல வேண்டியதில்லை. சிறப்புப் பள்ளிப் பிள்ளைகளைத் தவிர மற்றவர்களுக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். பள்ளி பெயரை அடித்துவிட்டு, உள்ளூர் கவுன்சிலுக்குத் தகவல் அனுப்பும். பள்ளி வாசலையே மிதிக்காத பிள்ளை என்றால் அந்தத் தகவலும் போகாது. அதே தீவின் வடக்கே, ஸ்காட்லாந்தில், அரசுப் பள்ளியிலிருந்து பிள்ளையை விலக்கக் கவுன்சிலின் சம்மதம் வேண்டும்.

இந்தச் சுதந்திரத்துக்கு வேர் 1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டம். போர் நடந்துகொண்டிருந்தபோது கல்வி அமைச்சர் ஆர்.ஏ. பட்லர் கொண்டுவந்தது. பிள்ளைக்கு அதன் வயதுக்கும் திறனுக்கும் ஏற்ற முழுநேரக் கல்வி கிடைக்கச் செய்வது பெற்றோரின் கடமை. பள்ளிக்கு அனுப்பியோ ‘வேறு விதமாகவோ’ அதைச் செய்யலாம் என்றது சட்டம். வசதியான வீடுகளில் ஆசிரியை வைத்துப் படிப்பிப்பது அன்று சாதாரணம். அந்த ஆண்டு பதினெட்டு வயதை எட்டிய இளவரசி எலிசபெத் பள்ளிக்கே போனதில்லை. 1996இல் சட்டத்தைத் திருத்தி எழுதியபோதும் அந்தச் சொற்கள் அப்படியே நின்றன.

மாளிகைக்குள் கேள்வி கேட்பார் இல்லை. கேள்வி எழுந்தது எளிய வீட்டில். 1950களில் நார்ஃபோக்கில் ஜாய் பேக்கர் என்ற தாய், பள்ளிக்கு அனுப்பாமல் தன் பிள்ளைகளைத் தானே வளர்த்துப் படிப்பிக்க முனைந்தார். கல்வி அதிகாரிகள் விடவில்லை. ஏறக்குறைய பத்தாண்டுகள் நீதிமன்றப் படியேறி இறங்கினார். கடைசியில் பிள்ளைகள் வீட்டிலேயே படித்தார்கள். அந்தப் போராட்டத்தை 1964இல் புத்தகமாகவும் எழுதினார். அவர் திறந்துவிட்ட வழியில் பலர் வந்தார்கள். 1970களில் அவர்கள் ஒன்றுகூடி அமைத்த சங்கத்துக்குச் சட்டத்தின் ‘வேறு விதமாக’ (அதர்வைஸ்) என்ற சொல்லையே பெயராக்கினார்கள்: ‘எஜுகேஷன் அதர்வைஸ்’.

கவுன்சிலின் கை எவ்வளவு நீளம் என்பதைப் பிறகு வழக்குகள்தான் அளந்தன. 1980இல் லீட்ஸ் நகர வழக்கொன்றில் உயர் நீதிமன்றம் சொன்னது இது: என்ன படிப்பிக்கிறீர்கள் என்று கவுன்சில் கேட்கலாம். பதில் சொல்லச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை; ஆனால் வாயே திறக்காத பெற்றோரின் பிள்ளைக்குக் கல்வி கிடைக்கவில்லை என்று கவுன்சில் எடுத்துக்கொண்டால் குறை சொல்ல முடியாது. நடைமுறையில், அதிகாரி வந்து கதவைத் தட்டலாம். உள்ளே வர உரிமையில்லை. பிள்ளையைப் பார்த்தே ஆக வேண்டும் என்று சொல்லவும் உரிமையில்லை. சில மாதிரிப் பாடங்களையும் ஒரு கடிதத்தையும் வாங்கிக்கொண்டு திரும்பிய அதிகாரிகள் உண்டு.

2006இல் வந்த இன்னொரு சட்டம், கல்வி கிடைக்காத பிள்ளைகளைக் கண்டுபிடிக்கும் பொறுப்பைக் கவுன்சில்களின் தலையில் வைத்தது. வீட்டில் படிக்கும் பிள்ளைகளின் பட்டியல் கையில் இல்லாமல் யாருக்குக் கல்வி கிடைக்கவில்லை என்று எப்படிப் பிரித்தறிவது? பதிவேடு என்ற எண்ணம் வலுத்ததற்கு இந்த முடிச்சும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

2008 மே மாதம் பர்மிங்காமில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி வீட்டில் பட்டினியால் வாடி இறந்தாள். சில மாதங்களுக்கு முன்புதான் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். அடுத்த ஜனவரியில் அமைச்சர் எட் பால்ஸ், கிரஹாம் பேட்மன் என்ற கல்வி நிர்வாகியிடம் ஆய்வை ஒப்படைத்தார். ஜூனில் அறிக்கை வந்தது. ஆண்டுதோறும் பெயர் பதிய வேண்டும். அதிகாரிக்கு வீட்டுக்குள் வரவும், தேவைப்பட்டால் பிள்ளையுடன் தனியாகப் பேசவும் உரிமை வேண்டும் என்றது. வீட்டுக்கல்விக் குடும்பங்கள் கொதித்துப் போயின. வீட்டில் படிப்பிப்பது கொடுமையை மறைக்கும் திரையா என்று பார்ப்பதே ஆய்வின் நோக்கங்களில் ஒன்று என அறிவித்திருந்தார்கள். பிள்ளைக்காக வேலையை விட்ட தாய்க்கு அது எப்படி வலித்திருக்கும்! அந்த டிசம்பரில் ஓர் இரவு நாடாளுமன்றத்தில் எம்.பி.க்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து எதிர்ப்பு மனுக்களைக் கொடுத்தார்கள். 2010 தேர்தலுக்கு முந்திய அவசரத்தில், அரசு தன் மசோதாவில் சேர்த்திருந்த பதிவேட்டுப் பகுதி கழன்றது.

அதன்பின் பதிவேடு கோரிப் பிரபுக்கள் அவையில் சோலி பிரபு 2017இல் கொண்டுவந்த தனிநபர் மசோதாவும், 2022இல் அரசு கொண்டுவந்த பள்ளி மசோதாவும் கரையேறவில்லை. இதற்கிடையே கொரோனா வந்து போனது. வீட்டில் படிக்கும் பிள்ளைகள் 2024 இலையுதிர் காலத்தில் 1,11,700 என்று கல்வித்துறை மதிப்பிட்டது.

2023 ஆகஸ்டில் வோக்கிங் நகரில் பத்து வயதுச் சிறுமி வீட்டிலேயே கொல்லப்பட்டாள். ஏப்ரலில், வீட்டில் படிக்கப் போகிறாள் என்று சொல்லிப் பள்ளியிலிருந்து அவளை நிறுத்தியிருந்தார்கள். 2024 டிசம்பர் 17 அன்று லண்டன் நீதிமன்றத்தில் அவள் தந்தைக்கும் சிற்றன்னைக்கும் ஆயுள் தண்டனை. அதே நாளில் நாடாளுமன்றத்தில் குழந்தைகள் நல்வாழ்வு, பள்ளிகள் மசோதா அறிமுகமானது. பள்ளியில் இல்லாத பிள்ளைகளுக்கு ஒவ்வொரு கவுன்சிலும் பதிவேடு வைக்க வேண்டும்; பெயர், முகவரி, பாடம் சொல்லித்தருபவர் யார் என்ற விவரங்களைப் பெற்றோர் தர வேண்டும்; பாதுகாப்பு விசாரணையில் இருக்கும் பிள்ளையைக் கவுன்சிலின் சம்மதமின்றிப் பள்ளியிலிருந்து எடுக்க முடியாது என்றது மசோதா.

பதிவேடு வேண்டும் என்பதே என் கட்சி. ஊரில் எத்தனை பிள்ளைகள் என்று ஊராட்சிக்குத் தெரிவதில் நல்ல பெற்றோருக்கு எந்த இழிவும் இல்லை. ஆனால் எதிர்ப்பவர்கள் சொல்லும் ஒன்றை என்னால் தள்ள முடியவில்லை. அந்த இரண்டு சிறுமிகளும் யார் கண்ணிலும் படாதவர்கள் அல்லர். பர்மிங்காம் பள்ளி, பிள்ளையைப் பற்றிக் கவலை தெரிவித்திருந்தது. வோக்கிங் சிறுமியைப் பிறந்தது முதலே சமூகநலத் துறை அறியும்; 2019இல் அவளைத் தந்தையிடம் ஒப்படைத்ததே ஒரு குடும்ப நீதிமன்றம். இருவருக்கும் கோப்பு இருந்தது, கோப்பில் பெயரும் இருந்தது.