கீபோர்டுக்குத் தமிழ் தெரியாது

தாம்பரத்துல ஒரு ப்ளூடூத் கீபோர்டு வாங்கி டேப்லட்டோட இணைக்கிறீங்க. மேல அச்சடிச்சிருக்கிறது முழுக்க ஆங்கிலம். இதுல தமிழ் எப்படி வரும்?

யாழ்ப்பாணத்துல பிறந்து சிங்கப்பூர் போன ஆர். முத்தையா தமிழ் டைப்ரைட்டரை உருவாக்கின காலத்துல, எழுத்து இரும்புக்குள்ளேயே இருந்துச்சு. 247 எழுத்தைக் கொஞ்சம் கட்டைகளுக்குள்ள அடக்கணும். அதனால தமிழ் டைப்ரைட்டர்ல முதல்ல புள்ளி, அப்புறம்தான் எழுத்து. கையால எழுதறதுக்கு அப்படியே தலைகீழ்!

கம்ப்யூட்டர் வந்தப்போ ஆளுக்கொரு கீபோர்டு முறை, ஆளுக்கொரு ஃபான்ட். 1999 பிப்ரவரியில சென்னையில நடந்த தமிழ்நெட் 99 மாநாடுதான் ஒரு பொது முறைக்கு வழி பண்ணுச்சு. அதுதான் தமிழ்99. உயிர் இடப்பக்கம், மெய் பெரும்பாலும் வலப்பக்கம். (ஃபான்ட் சண்டை மட்டும் யூனிகோடு பரவுற வரைக்கும் ஓயலை.)

இப்போ உங்க ப்ளூடூத் கீபோர்டுக்கு வருவோம். அது எழுத்தை அனுப்பறதே இல்லை, கட்டையோட நம்பரைத்தான் அனுப்புது. 4, 14, 14, 20. ஆங்கிலத்துல இது ஏ, கே, கே, க்யூ. டேப்லட் செட்டிங்ஸ்ல தமிழ்99 தேர்ந்தெடுத்திருந்தா, அதே நாலு தட்டு 'அம்மா'. புள்ளியைத் தட்டவே வேண்டாம். ஒரே மெய் ரெண்டு தடவை வந்தா அதுவே வெச்சுக்கும்.

தமிழ் அச்சடிச்ச கீபோர்டு தேடி ரிச்சி ஸ்ட்ரீட் வரைக்கும் போகாதீங்க. கட்டை மேல ஒட்டுற ஸ்டிக்கர் போதும். கொஞ்ச நாள்ல அதையும் பார்க்க மாட்டீங்க.