பாறையில் ஒட்டியிருக்கிற பழைய சண்டை

ஹந்தானை மலை ஏறப் போனால் நாங்கள் கனபேர் உச்சியைப் பார்த்துத்தான் நடக்கிறோம். பாதையோரப் பாறையிலும் மரப்பட்டையிலும் காய்ந்த பெயின்ற் மாதிரி சாம்பலும் வெளிர்பச்சையுமாக ஒட்டியிருப்பதை யாரும் நின்று பார்க்கிறதில்லை. அதுதான் இலைக்கன். பள்ளிக்கூடத்தில் 'பங்கசும் அல்காவும் சேர்ந்த ஒன்றியவாழ்வு' என்று பாடமாக்கினோம், சோதனையில் எழுதினோம், மறந்துபோனோம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு பெரிய சண்டையே இருக்கிறது.

1860கள் வரைக்கும் இலைக்கனைத் தனியொரு தாவரமாகத்தான் அறிஞர்கள் கருதினார்கள். சுவிற்சர்லாந்துக்காரரான சைமன் ஷ்வெண்டனர் 1867இல், இது ஓர் உயிர் இல்லை, இரண்டு என்றார். பங்கசு எசமான், அது சிறைப்பிடித்து வேலை வாங்குகிற அல்காக்கள் அடிமைகள் என்று 1869இல் விளக்கமும் கொடுத்தார். அமெரிக்காவில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்து அப்போது நாலு வருஷம்தான். விஞ்ஞானிகளும் தங்கள் காலத்து உலகத்திலிருந்துதான் உவமை எடுக்கிறார்கள்.

இலைக்கன் நிபுணர்கள் கொதித்துப் போனார்கள். அவர்களில் முக்கியமானவர் வில்லியம் நைலாண்டர். பின்லாந்தில் பிறந்து பரிசில் வாழ்ந்தவர். அங்குள்ள லக்சம்பேர்க் பூங்காவின் மரங்களை ஆராய்ந்து, இலைக்கன் எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்தே நகரத்துக் காற்றின் சுத்தத்தை அளக்கலாம் என்று 1866இல் எழுதியவர் அவர்தான். அவ்வளவு கூர்மையான கண் இருந்தும், 1899இல் சாகும்வரை ஷ்வெண்டனரின் கருத்தை அவர் ஏற்கவேயில்லை.

இந்தச் சண்டை சூடாக இருந்த நாட்களில் எங்கள் நாட்டு இலைக்கன்களும் கப்பலேறின. பேராதனைப் பூங்காவை 1849 முதல் 1880 வரை நடத்திய துவைற்ஸ் சேகரித்தவற்றை, இங்கிலாந்தின் லெய்ற்றன் என்ற பாதிரியார் ஆராய்ந்து, 1870 அளவில் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் பட்டியலிட்டார். அதே காலத்தில்தான் மலைநாட்டுக் காடுகள் கோப்பித் தோட்டங்களாகிக்கொண்டிருந்தன. அங்கே உழைக்கத் தென்னிந்தியாவிலிருந்து தமிழர்கள் நாள்கணக்காக நடந்து வந்தார்கள். காட்டின் பாசி பூசணத்துக்கும் பெயர் எழுதி வைத்த அந்த ஆட்சிக்கு, அந்த மனிதர்கள் வெறும் 'கூலிகள்'.

பிறகு சொல் மாறியது. 1877இல் அல்பேர்ட் பிராங்க், 1878இல் அன்ரன் டி பாரி ஆகிய இரண்டு ஜேர்மன் அறிஞர்கள் எசமான், அடிமை என்ற கதையை ஒதுக்கி, 'சேர்ந்து வாழ்தல்' என்ற பொருள் தரும் சொல்லைக் கொண்டுவந்தார்கள். நாங்கள் பாடமாக்கிய ஒன்றியவாழ்வு அதுதான். ஆனால் பாடத்தில் எங்களுக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது: டி பாரியின் வரைவிலக்கணத்துக்குள் ஒட்டுண்ணியும் அடக்கம். சேர்ந்து வாழ்வது என்றால் சமமாக வாழ்வது என்று அவர் சொல்லவே இல்லை.

'எல்லோரும் ஒன்றாக வாழ்வோம்' என்று அடிக்கடி கேட்கிற நாட்டில் எங்களுக்கு இது முக்கியமான பாடம். யார் கொடுக்கிறார், யார் எடுக்கிறார், விட்டுப்போக யாருக்கு வழி இருக்கிறது என்று கேட்காவிட்டால் அந்த வசனத்துக்கு அர்த்தமில்லை. இலைக்கனில் அல்கா சீனி கொடுக்கிறது. பங்கசு இருக்க இடம் கொடுக்கிறது. அது நியாயமான பங்கீடா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. 2016இல் பல இலைக்கன்களின் மேற்தோலில் ஒரு மதுவமும் வாழ்வது தெரியவந்தது. இரண்டு என்ற கணக்கும் ஆட்டம் கண்டது.

அடுத்தமுறை காட்டுப்பக்கம் போனால் ஒரு கைவில்லையும் தண்ணிப் போத்தலும் கொண்டு போங்கோ. காய்ந்த இலைக்கனில் நாலு சொட்டு விட்டுப் பாருங்கோ. மேற்தோல் தெளிந்து, உள்ளே இருக்கிற அல்காவின் பச்சை மேலே தெரியும். சுரண்டி மட்டும் எடுக்காதீங்கோ. வருஷத்துக்குச் சில மில்லிமீற்றர் மட்டுமே வளர்கிற இனங்கள் கனக்க இருக்கு. உள்ளங்கை அளவு ஒன்று உங்களைவிட வயதில் மூத்ததாக இருக்கலாம்.